எருக்குழியில் நாக்கு நீட்டிய ‘புழு’, விடிவதற்குள் செத்துப்போன இரை

கேள்வி இதுதான்: “கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் தூண்டில் போடலாமென்று எருக்குழி ஓரத்தில் மண்புழு தோண்டினேன். நடுவில் கறுப்பாக, மினுமினுப்பாக ஒன்று வந்தது. கையில் எடுத்தால் நாக்கை நீட்டுகிறது. உதறிவிட்டு வந்துவிட்டேன். எடுத்துவந்த மற்ற புழுக்களும் விடிவதற்குள் டப்பாவிலேயே செத்து நாறிவிட்டன. இனி எருக்குழியில் கை வைக்கலாமா? விராலுக்கு வேறு என்ன உயிர் இரை, எங்கே எடுப்பது?”

பார்த்தால் பாம்பைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பது இரண்டுங்க: இரை எடுக்கிற இடத்தில் வேறு என்னவெல்லாம் இருக்கும், எடுத்ததை எப்படி உயிரோடு வைப்பது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஈரம்தான். நம்ம ஊர் வெயிலில் ஈரமும் நிழலும் சேர்ந்த இடம் கொஞ்சம். புழுவும் அங்கேதான் வரும், எறும்பு, கரையான், எலி, அவற்றைத் தின்கிறவையும் அங்கேதான் வரும். அந்த ஈரத்தை டப்பாவுக்குள் சரியாகக் கொண்டுவராவிட்டால் புழு சாகும்.

முதலில் அந்தக் கறுப்புப் புழு. மண்புழுவுக்கு நாக்கு கிடையாது, ஆகவே அது பாம்பு வகை என்பதில் சந்தேகமில்லை. ஒரு சாணுக்குள், பேனா ரீஃபிலை விடக் கொஞ்சம் தடிமனாக, தலை எது வால் எது என்று தெரியாமல் இருந்திருந்தால் அநேகமாகப் புழுப்பாம்பு. விஷம் கிடையாது, கடிக்க வாயும் போதாது. எறும்பு, கரையான் இவற்றின் முட்டையும் கூட்டுப்புழுவும்தான் அதற்குச் சாப்பாடு. இதில் ஆணே இல்லை, எல்லாம் பெட்டை, இணை சேராமலே முட்டையிடும். பூந்தொட்டி மண்ணுக்குள் ஒன்று இருந்தாலே ஒரு ஊருக்குக் குடி வைத்துவிடும், அப்படித்தான் நாற்றுகளோடு பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மண்புழுவின் உடம்பில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும், வளர்ந்த புழுவுக்குக் கழுத்துப் பக்கம் வெளிறிய பட்டை ஒன்று இருக்கும், தொட்டால் வழுவழுக்கும். புழுப்பாம்பில் அந்தக் கோடும் பட்டையும் இருக்காது. எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும், தொட்டால் உலர்ந்திருக்கும், மண்புழுவை விட வேகமாக நெளியும், வால் நுனியில் சின்ன முள் ஒன்று உறுத்தும். அந்த முள் குத்துவதைத்தான் பலர் கொட்டிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாதுங்க. கட்டுவிரியன் குஞ்சும் கறுப்பாக மினுங்கும். அது ஒரு சாணுக்கு மேலே இருக்கும், முதுகில் வெள்ளைக் கோடுகள் இருக்கும், தலையும் கண்ணும் தெளிவாகத் தெரியும். கண் தெரிந்தது, வெள்ளைக் கோடு இருந்தது என்றால் அது புழுப்பாம்பு இல்லை. சந்தேகமாக இருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகுவது நல்லது, அதன் கடி வலிக்காமலே ஆளைச் சாய்த்துவிடும்.

எருக்குழியில் கை வைக்கலாமா என்றால், கை வைக்க வேண்டியதே இல்லை. குழியின் நடுவில், புதுச் சாணம் கொட்டிய இடத்தில் புழு இருக்காது. அங்கே சூடு ஐம்பது அறுபது டிகிரிக்குப் போகும். ஒன்றிரண்டு மாதம் பழகி, நிறம் கருத்து, சாண நாற்றம் போன ஓரத்தில்தான் இருக்கும். அங்கே மம்முட்டியால் அரை அடி ஆழத்துக்கு ஒரு கட்டியைப் பெயர்த்து வெட்டவெளியில் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். பூரான், தேள், பாம்புக் குஞ்சு எதுவானாலும் வெளிச்சம் பட்டதும் பெரும்பாலும் ஓடிவிடும், மண்புழு உள்ளே போகப் பார்க்கும். பிறகு களைக்கொத்தால் கிளறிப் பொறுக்குங்கள்.

தோண்டாமலே எடுக்கவும் வழி உண்டு. வாழைத் தோட்டத்து நிழலிலோ தண்ணீர்த் தொட்டி ஓரத்திலோ (சோப்புத் தண்ணீர் ஓடுகிற பக்கம் வேண்டாம், அங்கே புழு தங்காது) இரண்டடிக்கு இரண்டடி மண்ணைக் கொத்திவிட்டு, சாணக் கரைசல் ஒரு வாளி ஊற்றி, அழுகின வாழைமட்டை நாலைந்து போட்டு, மேலே பழைய சணல் சாக்கு ஒன்றை நனைத்து விரியுங்கள். சாயங்காலம் சாயங்காலம் சாக்கை மட்டும் நனைத்தால் போதும். நாலு நாளில் அடியில் புழு கூடிவிடும், ஒரு இடத்திலேயே வாரத்துக்கு இரண்டு முறை எடுக்கலாம். கவனம் சாக்கைத் தூக்குவதில்தான் வேண்டும். நிறையப் பேர் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் மடிக்கிறார்கள், அப்போது உள்ளே இருப்பது நேராக அவர்கள் காலைப் பார்த்துத் திறக்கிறது. எதிர்ப்பக்கத்து ஓரத்தைக் கொக்கிக் குச்சியால் இழுத்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். சாக்கு உங்களுக்கும் அதற்கும் நடுவே திரையாக நிற்கும், அது அந்தப் பக்கமாகவே போய்விடும். கல்லைப் புரட்டுவதும் இதே மாதிரிதான்.

கல் என்றதும் ஒன்று. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல்லுக்குள் வெட்டுக்கிளி நிறைய. அதைப் பிடிக்கப் போகிறவர்கள் கிளுவை வேலி ஓரத்துக் கல்லை வெறுங்கையால் புரட்டுவார்கள். சுருட்டை விரியனும் செந்தேளும் அந்த மாதிரி இடத்தில்தான் பகலில் ஒண்டும். கறுப்பாக, முன்னால் பெரிய இடுக்கி வைத்திருக்கும் தேளைப் பார்த்துப் பயப்படுகிறோம், அது கொட்டினால் வலிதான் அதிகம். ஆளைக் கொல்லக்கூடியது விரல் நீளம்கூட இல்லாத, மெல்லிய இடுக்கியுள்ள செந்தேள். கொட்டின பிறகு வலியோடு வியர்த்துக் கொட்டினால், வாந்தி வந்தால், கைகால் சில்லிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்குக் கொட்டினால் இந்த அறிகுறிகள் வரும்வரை கூடக் காக்கக் கூடாது. பாம்புக் கடிக்கும் அப்படித்தான்: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்தே வேலை செய்யும், பாம்பை அடித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வெட்டுக்கிளிக்குக் கல்லைப் புரட்ட வேண்டியதும் இல்லை. பனி இறங்கின காலையில், வெயில் ஏறுமுன் போனால் அது புல்லில் விறைத்து உட்கார்ந்திருக்கும், குதிக்க முடியாது, பூப்பறிக்கிற மாதிரி எடுக்கலாம்.

இனி டப்பாவில் ஏன் செத்தன என்பது. மண்புழு தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் சாகும், தேங்கின தண்ணீரில் காற்று இல்லாமல் போனாலும் சாகும், சூட்டிலும் சாகும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், களிமண்ணோடு, கொஞ்சம் தண்ணீரும் தெளித்து வைத்திருப்பீர்கள். அதில் காற்றில்லாமையும் சூடும் சேர்ந்துவிடுகிறது. தோண்டும்போது மம்முட்டியில் வெட்டுப்பட்ட ஒன்றிரண்டு முதலில் செத்திருக்கும். செத்த புழு சில மணி நேரத்தில் கூழாகிவிடும், அது அழுகும்போது வரும் அம்மோனியா மற்றதையும் கொன்றுவிடும். காலையில் அடித்த நாற்றம் அதுதான்.

புழுவுக்குப் பழைய மண்சட்டி நல்லது. வெளிப்பக்கம் கசிந்து காய்வதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். முக்கால் சட்டிக்குப் புழு எடுத்த இடத்து எருவும் மக்கின இலையும் போடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் கம்மி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் புதிதில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீர் கழுவிப் பிழிந்துதான் போட வேண்டும். இரண்டு லிட்டர் சட்டிக்கு நூறு புழுவுக்கு மேல் வேண்டாம். வெட்டுப்பட்டதைத் தனியாகப் பிரித்து முதலில் தூண்டிலில் போட்டுவிடுங்கள். புழுவை மேலே கொட்டிப் பத்து நிமிடம் விட்டால் உயிருள்ளது தானே உள்ளே இறங்கும், இறங்காமல் மேலேயே கிடப்பதைப் பொறுக்கி எறியுங்கள். வாயை மூடியால் அடைக்காமல் ஈரத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: மழை வருகிற ராத்திரிகளில் சிலவகைப் புழு கூட்டமாகக் கிளம்பி ஏறி வெளியே போய்விடும், காலையில் திண்ணை முழுக்கக் காய்ந்து கிடக்கும். இப்படி வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். ஆற்றுக்குக் கொண்டுபோகும்போது சட்டியை வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டி அடுப்பு மாதிரி.

மண்புழு உரம் போடுகிறவர்களிடம் கேட்டும் வாங்கலாம். அவர்கள் வளர்ப்பது பெரும்பாலும் வெளிநாட்டு வகை. அதில் உடம்பெங்கும் சிவப்பு, மஞ்சள் பட்டை போட்ட சின்னப் புழு ஒன்று உண்டு. முள்ளில் குத்தினதும் மஞ்சளாக ஒரு நீர் விடும், நாற்றம் அடிக்கும். அதைச் சில மீன்கள் கடித்துவிட்டுத் துப்பும். நீளமாக, ஊதாப் பளபளப்பில் இருக்கும் ஆப்பிரிக்க வகை தேவலை. புழு மேயும் தோட்டத்தில் குருணை மருந்து போட்டிருந்தால் அங்கே எடுக்கவே வேண்டாம். பட்டப்பகலில் மண்ணுக்கு மேலே வந்து துவண்டு கிடக்கும் புழுவைப் பார்த்தால் ‘தோண்டாமலே கிடைத்தது’ என்று பொறுக்காதீர்கள், மருந்து பட்டு வெளியே வந்ததாக இருக்கும்.

எருக்குழியிலேயே கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, சுருண்டு, பழுப்புத் தலையோடு வரும் புழு தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சு. கெளுத்திக்கு நல்ல இரை, எடுத்தால் தோட்டத்துக்காரருக்கும் சந்தோஷம்தான். உடம்பில் பச்சைப் பொடி பூசிய மாதிரி விறைத்துக் கிடப்பதை மட்டும் எடுக்காமல் விடுங்கள். அந்த வண்டைக் கொல்லவென்றே குழியில் கலக்கும் பூஞ்சை அது, அங்கேயே கிடந்தால் மற்ற புழுக்களுக்கும் பரவும்.

விராலுக்கு வருவோம். விரால் பெரும்பாலும் அசைகிற இரையைத்தான் அடிக்கும். மண்புழுவைக் கொத்தாகக் குத்தினாலும் எடுக்கும், ஆனால் இரண்டு அங்குலக் கெண்டைக் குஞ்சு இருந்தால் புழுவைத் திரும்பிப் பார்க்காது. குஞ்சு பிடிக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டின கழுத்தை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே செருகி, இரண்டு பக்கம் தங்கூசி நரம்பால் (நைலான் தூண்டில் நரம்பு) தைத்துவிடுங்கள். உடம்பெங்கும் ஊசியைக் காய்ச்சி இருபது முப்பது ஓட்டை போடுங்கள். உள்ளே ஒரு கல், நனைத்த கடலைப் புண்ணாக்கு நெல்லிக்காய் அளவு. முழங்கால் தண்ணீரில் வாயை நீரோட்டம் போகிற பக்கம் பார்த்துப் படுக்க வையுங்கள். மீன் வாசனையைப் பிடித்து எதிர் நீரில் ஏறிவரும், வாய் நீர் வருகிற பக்கம் பார்த்திருந்தால் பாட்டிலின் பின்புறத்தையே முட்டிக்கொண்டிருக்கும். கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், விட்டால் தின்று முடித்து வந்த வழியே போகும், அல்லது நெரிசலில் சாகும்.

இதை ஓடுகிற கீழ்பவானி வாய்க்காலில் இறங்கிச் செய்யாதீர்கள். தண்ணீர் விட்டிருக்கும்போது இழுப்பு பெரிது, சரிந்த கரையில் கால் வழுக்கினால் ஏறிவரப் பிடி கிடைக்காது. கசிவுநீர் ஓடைகளிலும் கிளை வாய்க்கால் கடைமடையிலும் குஞ்சு அதிகம். வாய்க்காலை அடைத்த பிறகு அங்கங்கே தேங்கும் குட்டைகள் இன்னும் சுலபம். எப்படியும் காய்ந்து சாகப்போகிற குஞ்சுகள், எடுப்பதில் பாவமும் இல்லை.

பத்து லிட்டர் வாளிக்குப் பதினைந்து குஞ்சு கணக்கு. எடுத்த இடத்துத் தண்ணீரிலேயே வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், போர் தண்ணீர் ஆழத்திலிருந்து வருவதால் அதில் கரைந்த காற்று கம்மி, ஊற்றினதும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் பேட்டரி காற்றுக் குழாய் இல்லாவிட்டால் வாய் அகலமான பாத்திரத்தில் வைத்து அரை மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முள்ளை முதுகுத் துடுப்புக்குக் கொஞ்சம் பின்னால், தோலுக்கு அடியில் மட்டும் ஓட்ட வேண்டும். முதுகெலும்பில் பட்டால் குஞ்சு அசையாது, அசையாத குஞ்சு விராலுக்கு வேண்டாம். சிவந்த பொடிக்குஞ்சுகள் பந்து மாதிரி மேலே மிதந்து திரிந்தால் அடியில் பெற்ற விரால் காவல் நிற்கும். அங்கே போட்டால் உடனே அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். என் கருத்தில் அது தூண்டில்காரனுக்கு அழகில்லை, காவல் விராலை எடுத்த அன்றே அந்தப் பந்தை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

பாட்டிலில் வருவதெல்லாம் கெண்டையும் இல்லை. பழுப்பாக, மீசையோடு, வழுவழுப்பாக ஒன்று வந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். தேளி மீனின் பக்கத்துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, பெயரே அதனால் வந்ததுதான். குத்தினால் தோல் தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் கையை வைத்தால் வலி தணியும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்தை ஒரு வெள்ளைப் பேசினில் உதறினால் பொடி இறால், தும்பிக் குஞ்சு, நத்தை, அட்டை எல்லாம் கொட்டும். இறாலை வாளியில் போடுவதை விட ஈரப்பாசிக்குள் பொதிந்து நிழலில் வைத்தால் அதிக நேரம் உயிரோடிருக்கும். ராத்திரி டார்ச் அடித்தால் ஓரத்தில் அதன் கண் தணல் மாதிரி மின்னும், சல்லடையை வால் பக்கம் வைத்து முன்னாலிருந்து விரட்டுங்கள், அது பின்னோக்கித்தான் துள்ளும். அதே பேசினில் காய்ந்த இலை மாதிரி தட்டையாக, விரல் நீளத்தில், முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு ஒரு பெரிய நீர்ப்பூச்சி வரலாம். செத்தமாதிரி நடிக்கும், தொட்டால் ஊசி போட்டமாதிரி கடிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அன்றைக்குத் தூண்டில் பிடிக்க முடியாது. அமராவதி அணைப் பக்கம் ராத்திரி இறால் வேண்டவே வேண்டாம், அங்கே மின்னுகிற கண் முதலையுடையதாகவும் இருக்கலாம். பவானிசாகர் நீர்த்தேக்கக் கரையில் யானை இறங்கும்.

தவளையை விரால் இரையாகப் பலர் சொல்வார்கள், வேலை செய்யும் என்பது உண்மைதான். நான் சொல்ல மாட்டேன். வயல் பூச்சியைத் தின்கிற உயிர் என்பதற்காகவே தவளைக்கால் ஏற்றுமதியை 1987லேயே நிறுத்தினார்கள். அவசரத்தில் தவளை என்று தேரையைப் பிடிப்பதும் நடக்கும், அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் விஷம், அந்தக் கையைக் கண்ணில் வைத்தால் எரிச்சல் பொறுக்காது. கடையில் கிடைக்கும் ரப்பர் தவளையே போதும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் உறுதியானவை. உறுதியில்லாதவையும் நிறையப் புழங்குகின்றன. புழுவில் பெருங்காயம் தடவினால் கெளுத்தி ஓடிவரும், அமாவாசைக்கு மீன் கடிக்காது என்பவற்றைத் தூக்கி எறியவும் முடியாது, நம்பிப் பயணம் போடவும் முடியாது. கெளுத்தி மோப்பத்தில் இரை தேடுவது உண்மை, அதனால் வாசனை உதவலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன். கடுகுத் தண்ணீர் ஊற்றினால் புழு மேலே வரும் என்பது நிஜம்: லிட்டருக்குப் பத்து கிராம் கடுகுப்பொடி கலக்கி ஊற்றினால் சில நிமிடத்தில் எரிச்சல் தாங்காமல் வரும், உடனே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் செத்துவிடும். மோட்டார் லைனிலிருந்து ஒயர் இழுத்து ஈரமண்ணில் கம்பி குத்தினாலும் வரும். புழுவோடு ஆளும் போவான், அந்தப் பேச்சே வேண்டாம்.

ஈரமண்ணில், வாய்க்கால் சேற்றில் கை வைத்து வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையில் காயம் இருந்தால் உறை போடாமல் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த ஈரத்திலிருந்து காய்ச்சல் வரும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் சேற்றில் இறங்கினதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மீதமான புழுவை எடுத்த குழியிலேயே கொட்டிவிடலாம். மீதமான குஞ்சை மட்டும் வேறு குளத்தில் விடாதீர்கள். பாட்டிலில் வந்தது கெண்டையா, ஜிலேபியா, தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சா என்று அந்த அளவில் பார்த்துப் பிரிப்பது பழகினவர்களுக்கே சிரமம். குளம் குத்தகையில் இருந்தால் குஞ்சு எடுப்பதற்கும் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தக் கறுப்புப் புழுவை மறுபடி பார்த்தால் தொடாமல் படம் எடுத்துப் போடுங்கள்: தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று, அளவு தெரிய முதலிலேயே ஒரு குச்சியால் பக்கத்தில் நகர்த்திவைத்த ஐந்து ரூபாய்க் காசோடு ஒன்று.